செல்லத்தாய் எழுந்த கதை

நாரணாபுரம் செல்லத்தாய்க்கு இரண்டு விஷயங்களில் யாரும் பாடம் எடுக்க முடியாது. ஒன்று, புஸ்வாணத்துக்குத் திரி வைப்பது. இன்னொன்று, அடுத்தவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது. முதலாவதைப் பட்டாசு கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்து பழகினாள். இரண்டாவது பிறக்கும்போதே கூட வந்துவிட்டது. இப்போது வயது அறுபத்திரண்டு.

பிறந்த ஊர் மல்லாங்கிணறு பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். குடிதண்ணீருக்கு ஒன்றரை மைல் போய் ஒன்றரை மைல் திரும்ப வேண்டும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், வழி நெடுக யாரோடாவது ஒரு வழக்கு என்று நடந்தவள் அவள். கருப்பணனைக் கட்டிக்கொண்டு நாரணாபுரம் வந்த புதிதிலும் கம்பெனிக்கு நடைதான். கருவேலங்காட்டு வழியே முக்கால் மணி நேரம். பிறகு கம்பெனி வேன் வந்தது. முதலில் பஸ் ஸ்டாப்புக்கு வந்தது, அப்புறம் தெருமுனைக்கு வந்தது, கடைசியில் வீட்டு வாசலுக்கே வந்து ஹாரன் அடித்தது. வாசலில் ஏறினால் கம்பெனி, அங்கே எட்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்த வேலை, மறுபடி வேன், வீடு. இப்படியே இருபது வருஷம் ஓடியது. வேன் ஓடியது, இவள் ஓடவில்லை.

கருப்பணன் மஞ்சள்காமாலையில் போய் எட்டு வருஷம் ஆகிறது. மகன் சங்கையா சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். மூன்று வருஷமாகச் செல்லத்தாய்க்கு முட்டுவலி. தரையிலிருந்து எழுவதற்கு அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் சுவரில் ஒரு கை. அடுத்து முட்டைப் பிடித்து ஒரு கை. பிறகு "முருகா" என்று ஒரு குரல். அந்தக் குரலுக்கு முருகன் உடனே வருவதில்லை. இரண்டாவது, மூன்றாவது குரலுக்குத்தான் இடுப்பு தரையை விடும்.

கம்பெனியில் அவளுக்கு ஏழாம் நம்பர் அறை. அறைக்கு நான்கு பேர், அதற்கு மேல் கூடாது. செருப்பை வெளியே விட்டு, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேற்கு வாசல் வெடிமருந்து கலக்கும் அறையைப் பார்த்திருந்ததால், அபாய மணி அடித்தால் கிழக்கு வாசல் வழியாகத்தான் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கிழக்கு வாசலை ஒட்டித்தான் செல்லத்தாய் உட்கார்ந்தாள். கூட இருந்த பெண்களாகப் பார்த்து அவளுக்கு விட்டுக்கொடுத்த இடம் அது. "பெரியம்மாவுக்கு முட்டு முடியலை. வாசலோரமா இருந்தா ஏதாச்சும் ஒண்ணுன்னா சட்டுனு வெளிய போயிரலாம்ல" என்று முதலில் சொன்னவள் யோகேஸ்வரி. இருபத்தாறு வயசு, வீட்டில் மூன்று வயசுப் பெண் குழந்தை. செல்லத்தாய்க்கு அந்தப் பேச்சில் உள்ளூரப் பெருமை. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை?

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, யாருக்கும் சொல்லாமல் போர்மேன் முத்துக்கிருஷ்ணன் ஒத்திகை மணியை அடித்தார். அடித்துவிட்டு வேப்பமரத்தடியில் நின்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். மற்ற அறைப் பெண்கள் எல்லாரும் ஆறு எண்ணுவதற்குள் மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். ஏழாம் நம்பர் அறையிலிருந்து ஒருவரும் வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. அறைக்குள் "முருகா" கேட்டது. பதினொன்று. யோகேஸ்வரி செல்லத்தாயின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். மற்ற இருவரும் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பதினான்கில் செல்லத்தாய் முதலில் வந்தாள். அவள் பின்னாலேயே மூவரும் வரிசையாக வந்தார்கள்.

முத்துக்கிருஷ்ணன் நாற்பத்தைந்து வயதுக்காரர், யாரையும் கடிந்து பேசாதவர். அன்றைக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

"யக்கா, உங்க ரூமுக்குப் பதினாலு ஆகிப்போச்சு."

"வயசானவ தம்பி, ஆகத்தான் செய்யும். நான் கடேசியா வந்துட்டுப் போறேன். எனக்கென்ன?"

"நீங்க எங்க கடேசியா வந்தீக? நீங்கதான் மொதல்ல வந்தீக. உங்களுக்குப் பின்னால மூணு பேரு நின்னாக."

செல்லத்தாய் திரும்பி மூன்று பேரையும் பார்த்தாள்.

அவர் யோகேஸ்வரி பக்கம் திரும்பினார். "ஏம்மா, வழி இல்லைன்னா தாண்டிக் குதிச்சு வர வேண்டியதுதான?"

"பெரியவுகள எப்பிடிண்ணே தாண்டுறது?" என்றாள் யோகேஸ்வரி, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். சுற்றிலும் நின்ற நாற்பது பெண்களில் ஒருத்திக்குக்கூட அந்தப் பதில் விநோதமாகப் படவில்லை. உட்கார்ந்திருக்கிற மனுசியை, அதுவும் பெரிய மனுசியைத் தாண்டுவார்களா? மருந்து வெடிக்கும் என்பது தெரியும். ஆனாலும் தாண்ட மாட்டார்கள்.

மறுநாளே செல்லத்தாயைக் கம்பெனி கேட் பக்கத்துக் குடோனில் லேபிள் ஒட்ட வைத்தார்கள். உயரமான மேஜை, முக்காலி, மேலே மின்விசிறி. மற்றவளாக இருந்தால் கும்பிடு போட்டிருப்பாள். செல்லத்தாய் இரண்டு நாள் முத்துக்கிருஷ்ணனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது, யோகேஸ்வரியின் மகள் பிரீத்திகா ஓடி வந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டதைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற காட்சிதான். அந்த மணி ஒத்திகை மணியாக இல்லாமல் இருந்திருந்தால்? பதினான்கு எண்ணுகிற வரைக்கும் இந்தக் குழந்தையின் தாயைத் தான் வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்தி வைத்திருந்தோமே என்று நினைத்தபோது, செல்லத்தாய்க்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மேலேயே பயம் வந்தது.

வேலையை விட்டுவிடலாம். மகன் அதைத்தான் சொன்னான். "வீட்டுல இரும்மா. யாரு உன்னை வேலைக்குப் போகச் சொன்னா?"

"இங்கன உக்காந்தா முட்டு சரியாயிருமாலே? இன்னிக்கு ரூமுல எந்திரிக்க முடியலை. நாளைக்குக் கக்கூசுல எந்திரிக்க முடியாது. அப்பவும் ஒருத்தி வந்து கக்கத்துல கை குடுக்கணும். அது யாரு, உன் பொண்டாட்டியா?"

ஏழாம் நம்பர் அறைக்குத் திரும்பிப் போவது என்று அன்றைக்கே அவள் முடிவு செய்தாள். அதுவும் தன்னால் ஒருத்தி நிற்கவேண்டி வராதபடிக்கு.

ஆனால் எப்படி என்பது தெரியவில்லை. மகன் விருதுநகர் போனபோது முட்டுக்கு ஒரு பட்டை வாங்கி வந்தான். இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்துத் தைத்த கனமான பட்டை. அதை மாட்டிக்கொண்டு விறைப்பாகப் போனவளை கேட்டில் வாட்ச்மேன் இருளாண்டி மறித்தான்.

"யக்கா, இதுல இரும்பு இருக்கு."

"என் முட்டுல இருக்கு. உனக்கென்ன?"

"சேலைக்குக் குத்துற ஊக்கையே கழட்டி வாங்குறேன். இது ஒரு மொளம் இரும்பு, ஒரசுனா பொறி பறக்கும். உள்ள விட்டா என்னையச் சேத்து வீட்டுக்கு அனுப்பிருவாக."

பிடுங்கி வைத்த செல்போன்களுக்கு நடுவே அந்தப் பட்டை அன்று முழுக்க ஆணியில் தொங்கியது. போகிற வருகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். சாயங்காலம் அதைச் சுருட்டி மகனிடம் கொடுத்து, "உன் மெசினுக்கு மாட்டு" என்றாள்.

அடுத்து நடை. வேன் டிரைவரிடம் சொல்லி மெயின் ரோட்டிலேயே இறங்கிக்கொண்டாள். அங்கிருந்து வீடு ஒரு கிலோமீட்டர். முதல் நாள் இரண்டு இடத்தில் நின்றாள். ஒரு இடத்தில் செருப்பில் கல் எடுக்கிற மாதிரி நடித்தாள். டீக்கடைக்காரர், "வேன் ரிப்பேரா?" என்றார். "ஆமா, என் வேனு" என்று காலைக் காட்டினாள். பங்குனி வெயிலில் இரண்டு வாரம் விடாமல் நடந்ததில் நடை நேராகிவிட்டது. அரை மணி நேரம் பிடித்த தூரம் பதினெட்டு நிமிஷத்துக்கு வந்தது. பழைய நாளைப் போல வழியில் ஆள் பிடித்துச் சண்டை போடவும் மூச்சு மிஞ்சியது. அந்தத் தெம்பில் நேரே முத்துக்கிருஷ்ணனிடம் போய், வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, "எண்ணுங்க தம்பி" என்றாள்.

எண்ணினார். எழுந்து நிற்கவே பதினொன்று ஆகிவிட்டது. நின்ற பிறகு சிட்டாகத்தான் நடந்தாள்.

"நடை நல்லாத்தான் இருக்கு யக்கா. எந்திரிச்சாத்தான நடக்கணும்?" என்றார் அவர், தயங்கித் தயங்கி.

செல்லத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு, சீசன் தூசி என்று சொல்லிச் சமாளித்தாள். ஆனால் அந்த ஒரு வாக்கியம்தான் அவளைச் சரியான கதவைத் தட்ட வைத்தது. அதுவரைக்கும் முட்டுவலியை மட்டுமே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். நடக்கிறபோது ஒழுங்காக இருக்கிற முட்டு, எழும்போது மட்டும் ஏன் மக்கர் பண்ண வேண்டும்?

அதைக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே முட்டுக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுக்கிற பெண் தஹ்மீனா, தலையில் முக்காடும் கையில் அளக்கிற சின்ன டேப்பும் வைத்திருந்தாள். செல்லத்தாய் சொன்ன முழுக்கதையையும் கேட்டாள். அப்புறம் ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்கம்மா. இப்ப ரெண்டு கையையும் மார்ல கட்டிக்கிட்டு எந்திரிங்க."

செல்லத்தாய் எழப் பார்த்தாள். பாதியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மறுபடியும் அதே கதை.

"மூட்டு தேஞ்சிருக்கு, இல்லைங்கலை. ஆனா உங்களத் தூக்க வேண்டியது தொடை. அது வேலை செஞ்சு வருசக்கணக்காச்சு. கையும் செவுரும்தான் உங்களத் தூக்கிக்கிட்டு இருந்திருக்கு. நடந்தா மட்டும் பத்தாதும்மா, எந்திரிச்சுப் பழகணும்."

"எந்திரிக்கிறதுல என்ன பழக்கம்?"

"உங்களால எம்புட்டு உயரத்துல இருந்து கை ஊணாம எந்திரிக்க முடியுதோ, அங்கன இருந்து ஆரம்பிங்க. காலையில பத்து, சாயங்காலம் பத்து. நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா உயரத்தைக் கொஞ்சம் கொறைங்க. தொடை அசந்தா பரவாயில்லை. முட்டு சுருக்குனு குத்துனாலோ வீங்கினாலோ நிப்பாட்டிட்டு இங்க வரணும்."

தரையிலிருந்து எழுகிற முறையையும் பாயில் செய்து காட்டினாள். ஒருக்களித்துத் திரும்பி, இரண்டு கையும் ஊன்றி, முட்டி போட்டு, ஒரு பாதத்தை முன்னால் வைத்து எழ வேண்டும்.

"தவளுற பிள்ளை எந்திரிக்கிற மாதிரில்ல இருக்கு?"

"ஆமாம்மா. அதுக சரியாத்தான் எந்திரிக்குதுக. நாமதான் மறந்துட்டோம்."

உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க என்ன செய்வது? இதற்கு வழி அச்சகத்தில் இருந்தது. மை தவறி, நிறம் பிசகி கழித்துப் போட்ட காலண்டர் அட்டைகள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். சங்கையா முதலாளியிடம் கேட்டு ஆறு கட்டு கொண்டுவந்து அடுக்கினான். செல்லத்தாய் உட்காரப் போனவள் துள்ளி விலகினாள்.

"ஏலே! மேல யாரு இருக்கா பாரு. முருகன் மேல உக்காரச் சொல்றியா? ஏற்கெனவே அவரு கூப்பிட்ட குரலுக்கு வர மாட்டேங்காரு!"

மறுநாள் அவன் அத்தனையையும் திருப்பிக் கொண்டுபோய், பொறுக்கிப் பொறுக்கி, அருவியும் ரோஜாப்பூவும் நகைக்கடை விளம்பரமுமாக ஆறு கட்டு கொண்டுவந்தான். அன்று முதல் காலையில் காப்பிக்கு முன்னால் பத்து, சாயங்காலம் நடந்து வந்து முகம் கழுவிய பிறகு பத்து. ஐந்து நாளில் ஒரு கட்டைக் கீழே இறக்கினாள். இன்னும் ஐந்து நாளில் இன்னொன்று. இறக்கிய கட்டைக் காலால் ஓரமாகத் தள்ளுவதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

நடுவில் ஒரு வேண்டாத வேலையும் பார்த்தாள். கட்டு மூன்றானபோது, இந்த வேகத்தில் போனால் தீபாவளிதான் வரும் என்று எரிச்சல்பட்டு, ஒரே நாளில் ஐம்பது முறை எழுந்து உட்கார்ந்தாள். மறுநாள் முட்டு பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. தஹ்மீனா பார்த்த பார்வையில் செல்லத்தாய்க்கு முகத்தில் ஈயாடவில்லை. "நான் பத்துன்னு சொன்னா பத்து. கம்பெனியில மருந்து எடையை இஷ்டத்துக்குக் கூட்டுவீகளா?" என்று கேட்டாள் அந்தப் பெண். யார் சொல்லியும் கேட்காத செல்லத்தாய் அந்தக் கேள்விக்கு அடங்கிப்போனாள். ஒரு வாரம் ஓய்வு. பிறகு மறுபடி நான்கு கட்டிலிருந்து.

சித்திரை போய், வைகாசி பாதியில் கடைசிக் கட்டும் ஓரத்துக்குப் போயிற்று. வெறும் தரையில் உட்கார்ந்து, ஒருக்களித்து, கை ஊன்றி, முட்டி போட்டு, பாதம் வைத்து எழுந்தாள். சுவர் பக்கமே இருந்தது. தொடவில்லை. மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அத்தை, இப்ப முருகனைக் கூப்பிடவே இல்லையே!" என்றாள். செல்லத்தாய்க்குச் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

முத்துக்கிருஷ்ணன் இந்தமுறை அறைக்குள்ளேயே வைத்து எண்ணினார். உட்கார்ந்த இடத்திலிருந்து வேப்பமரம் வரைக்கும் ஆறு. தான் மெதுவாக எண்ணிவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு இன்னொரு தரம் எண்ணினார். அதே ஆறு.

"பளைய எடத்துலயே உக்காருங்க யக்கா" என்றார்.

"வாசலோரம் வேண்டாம் தம்பி. உள்மூலையைக் குடுங்க. எனக்குப் பின்னால ஒருத்தரும் இருக்கக் கூடாது." பிறகு மூன்று பெண்களையும் பார்த்துச் சொன்னாள்: "இந்தா பாருங்க. மணி அடிச்சா அவுகவுக போய்க்கிட்டே இருக்கணும். என்னையத் திரும்பிப் பாக்கக் கூடாது. கை குடுக்கக் கூடாது. குறுக்க கெடந்தா தாண்டிப் போகணும்."

"சரி பெரியம்மா" என்றார்கள் மூவரும். சொன்ன தொனியிலேயே தெரிந்தது, செய்ய மாட்டார்கள் என்று. பெரியவர்கள் ஒன்று சொன்னால் சரி என்று சொல்வதும் ஒரு மரியாதை, அவ்வளவுதான். செல்லத்தாய்க்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. தன் காலைச் சரிசெய்ய மூன்று மாதம் போதுமானதாக இருந்தது. இவர்கள் மனசை எந்தக் கட்டு மேல் உட்கார வைத்துப் பழக்குவது?

ஆடி மாதம், காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். ஏழாம் நம்பர் அறையில் யோகேஸ்வரி, தாள் எடுப்பதற்காக உள்மூலைக்கு வந்து செல்லத்தாய்க்குப் பின்னால் சுவரோரம் குனிந்திருந்தாள். செல்லத்தாய் காலைக் குறுக்கே நீட்டித் திரி வைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. கூடவே யாரோ "தீ! தீ!" என்று கத்தினார்கள். காற்றில் புகை வந்தது. இது ஒத்திகை இல்லை.

வாசல் பக்கம் இருந்த இருவரும் பறந்துவிட்டார்கள். செல்லத்தாய் ஒருக்களித்துத் திரும்பினாள். அந்த நொடியில் அவள் தலைக்கு மேலே ஒரு சேலை முந்தானை வீசிக்கொண்டு போயிற்று. யோகேஸ்வரி அவளை ஒரே தாவாகத் தாவிக் கடந்து வாசலுக்கு வெளியே ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. செல்லத்தாய் கை ஊன்றினாள், முட்டி போட்டாள், பாதத்தை வைத்தாள், எழுந்தாள். வெறுங்காலுக்கு மண் சுட்டது. மரத்தடிக்குப் போய்ச் சேரும்போது முத்துக்கிருஷ்ணன் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் அறைக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை.

நல்லவேளை, தீ கம்பெனிக்குள் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல்லில் யாரோ போட்ட பீடி. காற்று வேலிப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. இருளாண்டியும் இன்னும் நாலு பேரும் மணலையும் தண்ணீரையும் வாரி அடித்துக் கால் மணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள்.

அணைந்த பிறகுதான் யோகேஸ்வரிக்கு உயிர் வந்தது. வந்ததும் அழ ஆரம்பித்தாள். செல்லத்தாயின் காலில் விழப்போனவளைத் தோளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"உங்களத் தாண்டிட்டேன் பெரியம்மா. திரும்பிக்கூடப் பாக்கலை. பிள்ள மொகந்தான் முன்னால நின்னுச்சு. உங்க நெனப்பே வரலை. நான் என்ன மனுசி?"

"நெசமாவே வரலையா?"

"வரலை பெரியம்மா." இன்னும் பெரிதாக அழுதாள்.

செல்லத்தாய்க்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. யோகேஸ்வரியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள். கையிலிருந்த திரிப் பசை அந்தக் கன்னத்தில் ஒட்டியது.

"உள்ள வாங்க, மறுபடி ஒருக்கா அந்தப் பக்கமாத் திருப்பித் தாண்டிர்றேன்" என்றாள் யோகேஸ்வரி, விம்மலுக்கு நடுவே. ஒருவரைத் தாண்டிவிட்டால், தாண்டிய வழியிலேயே திரும்பத் தாண்டித் தோஷம் கழிப்பது அந்த ஊர் வழக்கம். இல்லையென்றால் தாண்டப்பட்டவர் வளர மாட்டார் என்பார்கள்.

"அடியே, திருப்பித் தாண்டினே, காலை ஒடிச்சிருவேன்" என்றாள் செல்லத்தாய். "இந்த வயசுல நான் வளந்து என்ன செய்ய? நீ வெளிய வந்தது வந்ததாவே இருக்கட்டும்."